என் ப்ளைவுட்டில் ஓர் அரசு ஆஸ்பத்திரி

என் ப்ளைவுட்டைப் படம் பிடித்து, காட்டுக்குள் ஆஸ்பத்திரி கட்டிவிட்டோம் என்று ஊருக்கெல்லாம் காட்டியது நீங்கள்தான், சார். உங்கள் பெயரை நான் எழுதப் போவதில்லை. துறையின் பெயரையும் எழுதப் போவதில்லை. படிக்கும்போது யாருக்கு வியர்க்கிறதோ அவர்தான். மற்றவர்களுக்காக நடந்ததை முதலிலிருந்து சொல்கிறேன்.

நான் பெங்களூர் ஆஸ்டின் டவுனில் ஷாமியானா வாடகைக்கு விடுகிறவள். பந்தல், மேடை, நாற்காலி, சிவப்புக் கம்பளம், குத்துவிளக்கு எல்லாம் உண்டு. எங்கள் வீட்டில் புத்தரைத் தவிர வேறு சாமி கிடையாது. ஆனால் வாடகைக்கு விட எல்லாச் சாமியும் குடோனில் இருக்கிறார்கள். வீட்டுக்காரருக்கு முதுகெலும்பு தேய்ந்ததிலிருந்து தொழிலை நான்தான் பார்க்கிறேன். அவர் கட்டிலில் படுத்தபடி போனில் யோசனை சொல்வார். நான் போனைக் கம்பளத்தின் மேல் வைத்துவிட்டு வேலையைப் பார்ப்பேன்.

மார்ச் மாதம் எங்கள் தொழிலுக்குத் தனி முகூர்த்தம். ஒதுக்கிய பணத்தை அந்த மாதத்துக்குள் செலவழிக்காவிட்டால் திரும்பப் போய்விடும் என்று ஒவ்வொரு துறையும் அலறும். மாப்பிள்ளையும் கிடையாது, பெண்ணும் கிடையாது, கல்யாணம் மட்டும் நடக்கும். எங்கள் தெருவுக்குப் பொதுக் கழிப்பறை வந்ததுகூட அப்படி ஒரு மார்ச்சில்தான். ரிப்பன் நான் கொடுத்தது. நல்ல சாட்டின் ரிப்பன். தண்ணீர் இணைப்புதான் இன்னும் வரவில்லை.

இந்த வருஷம் மார்ச்சில் என்னிடம் வந்தது பழங்குடி மக்களுக்கு வேலை செய்கிற துறை. மலையில், காட்டுக்குள் இருக்கிற மக்களுக்கு என்று வைத்திருந்த பணத்தை, பெங்களூரில் ஒரு மைதானத்தில் செலவழிப்பது என்று முடிவு செய்திருந்தார்கள். அதற்கு 'சாதனைக் கண்காட்சி' என்று பெயர். அந்தத் துறையில் பெரிய அதிகாரியான உங்களுடைய உதவியாளர் வந்தார். ஒல்லியான மனிதர். கையில் இரண்டு போன். இரண்டிலும் நீங்களே திட்டிக்கொண்டிருந்தீர்கள்.

"மேடம், ஒரு ஸ்கூல் வேணும், ஒரு தண்ணி டேங்க் வேணும், ஒரு ஆஸ்பத்திரி வேணும். பேக, சீக்கிரமா ஆகணும். மந்திரி வர்றாரு" என்றார்.

"கல்யாணத்துக்கு அரண்மனை கட்டியிருக்கேன், கைலாசம் கட்டியிருக்கேன். ஆஸ்பத்திரி கட்டினதில்லயே சார்."

"அரண்மனையைவிட ஈஸி மேடம். வெள்ளையா இருந்தா போதும்."

வெள்ளையாகத்தான் கட்டினேன். முன்பக்கம் ப்ளைவுட். மற்ற மூன்று பக்கமும், ரிசப்ஷன் மேடைக்குப் பின்னால் தொங்கவிடுகிற மடிப்பு வைத்த வெள்ளைத் துணி. மேலே தகரம். சினிமா ஷூட்டிங்குக்குச் சாமான் கொடுக்கிற கடையில் ஓர் ஆஸ்பத்திரிக் கட்டில் எடுத்தோம். அதில் எத்தனை கதாநாயகிகளின் அப்பாக்கள் உயிரை விட்டார்களோ தெரியாது, ஒரு கால் ஆடியது. பின்னால் ஒரு டிரம் வைத்து முன்னால் குழாய் விட்டோம். திறந்தால் தண்ணீர் வந்தது. ஃபேன் சுற்றியது. நகரத்துச் சுகாதார நிலையம் ஒன்றிலிருந்து ஒரு நர்ஸை டியூட்டி போட்டு அனுப்பினார்கள். அவர் மட்டும் அசல்.

பலகைக்கு என்ன பெயர் எழுதுவது என்று கேட்டேன். உதவியாளர் ஒரு ஹாடியின் பெயரைச் சொன்னார். காட்டுக்குள் இருக்கிற சின்ன ஊரை அங்கே ஹாடி என்கிறார்கள். ஸ்கூலுக்கு எந்த ஊர் பெயர் என்று கேட்டேன். அதே ஊர். டேங்குக்கு? அதே ஊர்.

"வேற ஊரே இல்லயா சார் உங்ககிட்ட?"

"இருக்கு மேடம். நம்ம ஜீப் அங்க வரைக்கும்தான் போகும். நடந்து போற ஊரோட பேரெல்லாம் யாருக்குத் தெரியும்?"

போட்டோ எடுக்க ஒருவர் வந்தார். அவருக்கு என் இரும்புக் கம்பி தெரியக் கூடாது, கம்பளத்தின் ஓரம் தெரியக் கூடாது, பின்னால் போகிற பஸ் தெரியக் கூடாது. "காடு வேணும்" என்றார். என் மேஸ்திரி நர்சரிக்குப் போய்த் தொட்டிச் செடிகளைக் கொண்டுவந்து வரிசையாக வைத்தான்.

"குரோட்டன்ஸ் சார் இது. காட்டுல இருக்குமா?" என்று கேட்டேன்.

"பச்சையா இருந்தா காடுதான்மா. தள்ளு தள்ளு, நிழல் விழுது."

ஏதோ பத்திரிகைக்கு எடுக்கிறார்கள் என்று நினைத்தேன். தள்ளி நின்றேன்.

கண்காட்சி அன்று காலையில் ஆட்டக்காரர்கள் ஒரு பஸ்ஸில் வந்து இறங்கினார்கள். பழங்குடிக் கண்காட்சி என்றால் பழங்குடிகள் ஆட வேண்டுமாம். எந்த ஊரிலிருந்து வரவழைத்திருப்பார்கள்? ஜீப் போகிற அதே ஊர்தான். ஒரு துறைக்கு ஒரே ஊர்ப் பெயர் தெரிந்தால் இதுதான் நடக்கும். பொய்யை எந்தப் பெயரில் எழுதினார்களோ, அந்தப் பெயர்க்காரர்களையே பஸ் வைத்துக் கூட்டிவந்தார்கள்.

அவர்களுக்குத் தலைவி மாதிரி ஒரு பெண்மணி இருந்தாள். என் வயதுதான். தமிழ்நாட்டு எல்லையை ஒட்டிய மலை என்பதால் அவர்கள் பேச்சு எனக்கு முக்கால்வாசி புரிந்தது. புரிந்ததை என் தமிழில் எழுதுகிறேன். ஆண்கள் பேண்ட் சட்டையிலும் பெண்கள் நல்ல சேலையிலும் வந்திருந்தார்கள். உதவியாளர் ஒரு மூட்டையை அவிழ்த்துப் பிளாஸ்டிக் இலை கோத்த பாவாடைகளைக் கொடுத்தார்.

"இது என்ன?" என்று அவள் கேட்டாள்.

"உங்க டிரஸ்தாம்மா."

"எங்க டிரஸ்ஸா? நாங்க இதைப் பார்த்ததே இல்லயே. உங்க பாட்டன் கட்டினதா?"

கடைசியில் சேலைக்கு மேலேயே கட்டிக்கொண்டு ஆடினார்கள். மேடையில் மந்திரி தாளம் போட்டார், தாளத்துக்குச் சம்பந்தம் இல்லாமல்.

அவளுடைய சின்ன மகளும் கூட வந்திருந்தாள். ஆறாம் மாசம். ஆடவில்லை, ஒரு நாற்காலியில் உட்கார்ந்திருந்தாள். "இந்த உடம்போட ஏன்மா பஸ்ல கூட்டிட்டு வந்த?" என்று நான் அதட்டினேன். எனக்கு மெதுவாகப் பேச வராது.

அவள் கோபித்துக்கொள்ளவில்லை. "பெங்களூர்ல டாக்டர் யாராச்சும் ஒரு தடவை பார்க்கட்டும்னுதான் அக்கா. மூத்தவளுக்கு மழைக் காலத்துல வலி வந்துச்சு. ஓடையில தண்ணி. கம்பளியில கட்டித் தூக்கிட்டு ஓடையோரம் நின்னோம், தண்ணி வடியட்டும்னு. வடியறதுக்குள்ள வயித்துலயே பிள்ளை போயிடுச்சு. இவளுக்கும் மழையிலதான் வருது."

இதைச் சொல்லிவிட்டு அவள் தண்ணீர் குடித்தாள். நான் நாற்காலியை நிழலில் போடச் சொல்லி மேஸ்திரியைத் திட்டினேன்.

மந்திரி போன பிறகு அவர்கள் ஸ்டால் ஸ்டாலாகச் சுற்றிப் பார்த்தார்கள். சின்ன மகள் பத்தாவது வரை படித்தவள். ஆஸ்பத்திரிப் பலகையைப் படித்துவிட்டு அங்கேயே நின்றுவிட்டாள்.

"அம்மா, இது நம்ம ஊரு ஆஸ்பத்திரியாம்."

எல்லோரும் உள்ளே போனார்கள். நர்ஸ் அந்தப் பெண்ணைக் கட்டிலில் படுக்க வைத்து, வயிற்றைத் தொட்டுப் பார்த்து, பிரஷர் பார்த்து, கண் இமையை இழுத்துப் பார்த்தார். ரத்தம் போதாது என்று மாத்திரை கொடுத்தார். அன்றைக்கும் வந்திருந்த போட்டோக்காரர் அதையும் எடுத்துக்கொண்டார். அம்மாக்காரி குழாயைத் திறந்தாள். தண்ணீர் வந்தது. மூடினாள். மறுபடி திறந்தாள். அப்புறம் உதவியாளரைக் கூப்பிட்டாள்.

"சார், இது எங்க இருக்கு?"

"உங்க ஊர்லதாம்மா."

"எங்க ஊர்ல எந்தப் பக்கம்?"

அவர் காகிதத்தைப் பார்த்தார். "தண்ணி டேங்க்குக்குப் பக்கத்துல."

"எங்க ஊர்ல டேங்க் ஏது?"

"இருக்கே. மூணாவது ஸ்டால்ல பாருங்க."

எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. மேஸ்திரிக்கும் வந்தது. அவளுக்கு வரவில்லை. அவள் போய் மூன்றாவது ஸ்டாலைப் பார்த்தாள். நான் கட்டிய டேங்கைத் தட்டினாள். டப் டப் என்றது. திரும்பி வந்து ஆஸ்பத்திரி வாசலில் சம்மணம் போட்டு உட்கார்ந்தாள். மற்றவர்கள் அவள் பின்னால் உட்கார்ந்தார்கள். பிளாஸ்டிக் இலைப் பாவாடைகளை மடித்துத் தரையில் விரித்து அதன் மேல்தான் உட்கார்ந்தார்கள். அந்தப் பாவாடையால் ஆன ஒரே உபயோகம் அது.

"எங்க ஊரு பேரு போட்டிருக்கு. இது எங்களுது. யாரும் பிரிக்கக் கூடாது" என்றாள்.

பிரிக்க வேண்டியவள் நான். மறுநாள் ஆடுகோடியில் ஒரு லேத் பட்டறைக்காரர் மகன் ரிசப்ஷன். வெள்ளைத் துணி முழுவதும் அங்கே போக வேண்டும். மேஸ்திரி கையில் ஸ்பேனரோடு என்னைப் பார்த்தான். நான் அந்த அம்மாவைப் பார்த்தேன். அவள் யாரையும் பார்க்கவில்லை.

"ஏம்மா, இது ப்ளைவுட்டு. என் ப்ளைவுட்டு. நான் வாடகைக்கு விடறவ" என்றேன்.

"தெரியும் அக்கா. தட்டிப் பார்த்தேன்."

"அப்புறம் என்ன?"

"இதாவது இருக்கே."

அந்த நேரம் பார்த்து லேத் பட்டறைக்காரர் போன் செய்தார்.

"அக்கா, துணி லாரி ஏறிடுச்சா?"

"இல்லண்ணே. உங்க மேடைத் துணி இப்ப ஆஸ்பத்திரியில இருக்கு."

"ஐயோ! என்னாச்சு? யாருக்கு?"

"யாருக்கும் ஒண்ணும் ஆகலண்ணே. துணிதான் ஆஸ்பத்திரி."

"அக்கா, வெயில்ல ரொம்ப நிக்காதீங்க. மோர் கீர் குடிங்க" என்று அவர் கவலையோடு வைத்துவிட்டார். உடனே வீட்டுக்காரர் கூப்பிட்டு, துணியை விட்டுவிட்டுக் கம்பியை மட்டும் பிரி என்று யோசனை சொன்னார். கம்பியைப் பிரித்தால் துணி எதில் நிற்கும் என்று கேட்டேன். யோசித்துச் சொல்கிறேன் என்றார். இன்னும் சொல்லவில்லை.

உதவியாளர் இரண்டு போனிலும் மாற்றி மாற்றிப் பேசி உங்களை வரவழைத்தார். நீங்கள் காரைவிட்டு இறங்கி, நேராக வந்து, கைகூப்பி, ஆரம்பித்தீர்களே ஒரு பேச்சு! அரசாங்கம் உங்கள் பக்கம் இருக்கிறது, இவ்வளவு திட்டம், அவ்வளவு திட்டம். மேடையில் பேசிய அதே பேச்சு. மாலை மட்டும் இல்லை.

அவள் கேட்டது ஒன்றுதான். "சார், ஆஸ்பத்திரி கட்டியாச்சா, இல்லயா?"

"கட்டியாச்சும்மா. ரிப்போர்ட்டே வந்துடுச்சு."

"அப்ப எங்களோட பஸ்ல ஏறி வாங்க. எது வீடு, எது ஆஸ்பத்திரின்னு காட்டிட்டுப் போங்க."

நீங்கள் வாட்சைப் பார்த்தீர்கள். பிறகு, பெரிய மனசு பண்ணுகிறவர் மாதிரி, "சரிம்மா, உங்களுக்கு இது அவ்வளவு பிடிச்சிருந்தா இதையே எடுத்துட்டுப் போங்க" என்றீர்கள்.

என் ப்ளைவுட்டு, சார்! கேட்கவே இல்லை நீங்கள். என் தகரம், என் துணி, யாரோ ஒருவருடைய கட்டில். எனக்குக் காது சூடாகிவிட்டது. "அது உங்க அப்பன் வீட்டுச் சொத்தா சார்?" என்று கேட்டேன். உங்கள் உதவியாளர் "ஆயித்து மேடம், ஆச்சு, பில்லுல சேர்த்துக்கலாம்" என்று என் முன்னால் வந்து நின்றார்.

நான் கத்தி முடிக்கட்டும் என்று அவள் காத்திருந்தாள். பிறகு எழுந்து சேலையை உதறினாள்.

"இந்த ப்ளைவுட்டுப் பலகை எங்களுக்கு வேணாம். காட்டுல இருக்கறவங்களுக்குப் பலகையா கிடைக்காது? துணியும் வேணாம், இந்த அக்கா எடுத்துக்கட்டும். இவங்களைக் கொடுங்க" என்று நர்ஸைக் கை காட்டினாள்.

நர்ஸ் திடுக்கிட்டு என்னைப் பார்த்தார். என் கணக்கில் அவர் இல்லை என்று நான் தலையாட்டினேன்.

"சிஸ்டர், வருவீங்களா?" என்று அவள் கேட்டாள்.

"ஆர்டர் போட்டா வர்றேன்மா. எனக்கென்ன?" என்றார் நர்ஸ். அவர் சொன்னதில் விளையாட்டு இல்லை.

எல்லோரும் உங்களைப் பார்த்தார்கள். அப்போது நீங்கள் சொன்னீர்கள். நான் அங்கேதான் நின்றேன், என் மேஸ்திரி நின்றான், உங்கள் டிரைவர் நின்றார். "மழைக்கு முன்னாடி உங்க ஊருக்கு ஒரு நர்ஸ் வந்து தங்குவாங்க. இது என் வாக்கு" என்று சொன்னீர்கள். நெஞ்சில் கை வைத்துச் சொன்னீர்கள்.

அவள் அதை நம்பினாள். எனக்கு நம்பிக்கை இல்லை, ஆனால் எனக்குத் துணி வேண்டியிருந்தது. அவர்கள் எழுந்து எங்களோடு சேர்ந்து பிரித்துக் கொடுத்தார்கள். மகளை மெதுவாகப் பஸ்ஸில் ஏற்றினார்கள். ஆடுகோடியில் ரிசப்ஷன் நன்றாகவே நடந்தது.

என் பில் பாஸ் ஆகிவிட்டது. காசுக்காகக் கத்துகிறேன் என்று யாரும் நினைக்க வேண்டாம். காட்டு மக்கள் பணத்தில் என் பங்கு வந்து சேர்ந்துவிட்டது. பூக்காரர் பங்கு, சமையல்காரர் பங்கு, ஃப்ளெக்ஸ்காரர் பங்கு, பிளாஸ்டிக் பாவாடை விற்றவர் பங்கு எல்லாம் சேர்ந்துவிட்டது. செலவு செய்யவில்லை என்று உங்களை யாரும் குறை சொல்ல முடியாது. அந்தப் பணம் மலை ஏறவில்லை, அவ்வளவுதான்.

மே மாதம் ஒருநாள் எங்கள் சிக்னலில் ஆட்டோ நின்றபோது நிமிர்ந்து பார்த்தேன். இவ்வளவு பெரிய விளம்பரப் பலகை. அதில் என் ஆஸ்பத்திரி. சுற்றிலும் குரோட்டன்ஸ். கட்டிலில் அந்தப் பெண், பக்கத்தில் நர்ஸ், கீழே காட்டின் கடைசி ஊர் வரைக்கும் மருத்துவம் என்று எழுத்து. கம்பியை மறைத்தீர்கள், கம்பளத்தை மறைத்தீர்கள். ஆனால் ஓரத்தில் ஒரு நாற்காலி முதுகைக் காட்டிக்கொண்டு நின்றது. எங்கள் நாற்காலி ஒவ்வொன்றின் முதுகிலும் போன் நம்பர் பெயிண்டால் எழுதியிருப்போம். இல்லாவிட்டால் கல்யாண வீட்டோடு போய்விடும். அரசாங்கச் செலவில், பாதி வீடு உயரத்துக்கு, என் நம்பர்.

அன்றிலிருந்து போன் நிற்கவில்லை. "ஹலோ, மலை ஆஸ்பத்திரியா?" என்று கேட்கிறார்கள். ஒருவர் டிரைவர் வேலை கேட்டார். ஒருவர் மருந்து சப்ளை செய்கிறேன் என்றார், கமிஷனும் சொன்னார். பகலில் போனை வீட்டுக்காரரிடம் கொடுத்துவிட்டேன். படுத்த படுக்கையாக இருந்தவருக்கு ஒரு வேலை கிடைத்தது. "டாக்டர் இல்லீங்க. நாற்காலி வேணும்னா சொல்லுங்க, எத்தனை?" என்று ஒவ்வொருவருக்கும் பொறுமையாகச் சொல்கிறார். போன வாரம் வேறு ஏதோ ஒரு மலையிலிருந்து ஒருவர், பாம்பு கடித்த பையனைத் தூக்கிக்கொண்டு எந்தப் பக்கம் வர வேண்டும் என்று கேட்டார். வீட்டுக்காரர் அவரை லைனில் வைத்துக்கொண்டே இன்னொரு போனில் ஆம்புலன்ஸுக்குச் சொன்னார். பையன் பிழைத்தான் என்று அப்புறம் தெரிந்தது. அது தெரியும்வரை இவர் சாப்பிடவில்லை.

நேற்று வந்த போன் அவளுடையது. அன்று உட்கார்ந்திருந்தபோது முன்னால் கிடந்த நாற்காலியின் முதுகைப் பார்த்து மகள் நம்பரைக் குறித்துக்கொண்டாளாம்.

"அக்கா, மழை ஆரம்பிச்சிடுச்சு. நர்ஸ் வரல."

"யாரும் வரலயா?"

"உங்க ஊர்ல ஏற்கெனவே ஆஸ்பத்திரி இருக்கு, அதனால புதுசா ஆள் போட முடியாதுன்னு சொல்றாங்க அக்கா."

என் ப்ளைவுட்டு இருப்பதால் அவர்களுக்கு நர்ஸ் இல்லை. இதை எந்த வாயால் சொன்னார்கள்?

"மகளுக்கு எப்படி இருக்கு?"

"தேதி நெருங்கிடுச்சு. ஓடையில இன்னும் கால் வைக்கற அளவுக்குத்தான் தண்ணி. இப்பவே இறக்கிட்டு வந்துடலாமான்னு பார்க்கறேன். வந்தா எங்க தங்கறது?"

எங்கள் வீட்டில் தங்கு என்று சொல்லிவிட்டேன். குடோனில் ஓர் ஓரத்தை ஒழித்து வைத்திருக்கிறேன். வாணிவிலாஸ் பிரசவ ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப் போகவும் ஆள் சொல்லியாகிவிட்டது. அதற்காக உங்கள் பாக்கி தீர்ந்தது என்று நினைத்துக்கொள்ளாதீர்கள். அந்த மலையில் இவள் ஒருத்திதானா கர்ப்பிணி?

உங்கள் ஆபீசுக்குப் போன் செய்தேன். மீட்டிங் என்றார்கள். நேரில் வந்தேன். மீட்டிங் என்றார்கள். கதவு திறந்திருந்தது, நீங்கள் டிபன் சாப்பிட்டுக்கொண்டிருந்தீர்கள். உதவியாளரை வேறு ஊருக்கு மாற்றிவிட்டார்கள். அதனால் இங்கே எழுதுகிறேன்.

எனக்குத் தனியாகப் போன் செய்ய வேண்டாம். ஆள் அனுப்ப வேண்டாம். அடுத்த ஆர்டர் தருகிறேன் என்று சொல்லவும் வேண்டாம். பத்திரிகைக்காரர்களைக் கூப்பிடுங்கள், அந்த ஹாடி ஜனங்களையும் முன் வரிசையில் உட்கார வையுங்கள். அந்தப் பலகையில் இருக்கிற ஆஸ்பத்திரி எங்கே இருக்கிறது, நீங்கள் வாக்குக் கொடுத்த நர்ஸ் எந்தத் தேதியில் மலை ஏறுகிறார்? எல்லோருக்கும் கேட்கிற மாதிரி பதில் சொல்லுங்கள், சார்.